அண்ணையின் பெயர் இருந்த பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். நான் குசினி மேசையில் தேநீரோடு இருந்து, இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் உள்ள ஒரு கிராமத்தின் இணையப் பக்கத்தை வாசிப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம். அந்த ஊரில் குப்பை எந்தக் கிழமை எடுக்கிறார்கள், நடமாடும் நூலகம் எத்தனை மணிக்குத் தேவாலயத்தடிக்கு வரும், ஆறு பெருகினால் மணல்மூட்டை யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் இருக்கும் மொன்றியலின் வில்லரேப் பகுதியில் குப்பை என்றைக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டால் கணவரைத்தான் பார்ப்பேன்.

அந்தப் பக்கத்தின் அடியில் "மருத்துவமனைக்குப் போக வாகன உதவி" என்று ஒரு வரி. அதற்கு நேரே சிவநாதன் என்ற பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும். சிவநாதன் என் கூடப்பிறந்த ஒரே அண்ணை. இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை, கதையில்லை. பெயர் இருந்தால் ஆள் இருக்கிறார், கார் ஓட்டும் அளவுக்குச் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். அதைப் பார்த்து மனம் ஆறிய பிறகுதான் எழும்பி இடியப்பத்துக்கு மா குழைப்பேன்.

ஏன் கதையில்லை என்பதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. அம்மா எங்களோடு மொன்றியலில் இருந்தார். அண்ணைக்கு லண்டனில் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அது முடியும்வரை அவர் அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. வழக்குக்கு மூன்று கிழமை இருக்கும்போது அம்மா இறந்துபோனார். செத்த வீட்டில் கூடியிருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இப்போது சொன்னால் அவன் நீதிபதிக்கு முன்னால் உடைந்துபோவான், வழக்கு முடியட்டும். வழக்குத் தள்ளிப்போனது. திரும்பவும் தள்ளிப்போனது. நான்கு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணை தொலைபேசி எடுப்பார். அம்மா குளிக்கிறா என்றேன். கோயிலுக்குப் போட்டா என்றேன். தொண்டை கட்டிப்போச்சு, கதைக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர் என்றேன்.

கடைசியில் லண்டனில் ஒரு தமிழ்க் கடையில் யாரோ கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அன்றும் எடுத்தார்.

"அந்தியேட்டியும் முடிஞ்சுதோ?" முப்பத்தோராம் நாள் கிரியையைத்தான் கேட்டார்.

ஓம் என்றேன்.

"தொண்டைக்கு மல்லித்தண்ணி அவிச்சுக் குடு எண்டு நான் சொன்ன அண்டைக்கு, அம்மாவை எரிச்சு மூண்டு மாசம் என்ன?"

அதற்கும் ஓம் என்றேன். வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. சொந்தக்காரர் எல்லோரையும் வெட்டிவிட்டு, எவரும் தமிழர் இல்லாத அந்தக் கிராமத்தில் கடை ஒன்றை எடுத்து நடத்துகிறார் என்று மட்டும் காற்றுவாக்கில் கேள்விப்பட்டோம். என் மகள் ஆரணி பள்ளிக்கூடம் போகிற வயதில் மாமாவின் பெயரைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பக்கம். அவளும் அடிக்கடி பார்ப்பாள். "அம்மா, மாமாவின்ரை ஊரிலை பிளாஸ்டிக் தாராக்களை ஆத்திலை விட்டு ரேஸ் வைக்கினமாம்" என்று மஞ்சள் வாத்துப் பொம்மைகளின் படத்தைக் காட்டிச் சொல்வாள்.

இப்போது ஆரணிக்குக் கலியாணம். மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் மண்டபம் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். அழைப்பிதழ் அச்சடித்து வந்த அன்றே அவள் சொன்னாள்: "மாமாவுக்கு நானே போன் எடுக்கிறன். நம்பர் அந்தப் பக்கத்திலை கிடக்குத்தானே."

"எடுக்காதை" என்றேன். "கோவிச்சுக்கொண்டு இருக்கிற மனிசனை போனிலை கூப்பிடுறதோ? நேரை போய்த் தட்டிலை வைச்சுக் குடுக்கவேணும்."

எங்கள் ஆட்களின் முறை அதுதான். சாதாரண உறவுக்குத் தபாலில் அனுப்பலாம். கோபித்தவர் வீட்டுக்கு வாசலில் போய் நிற்க வேண்டும். அதைவிட எனக்கு வேறொரு கணக்கும் இருந்தது. தொலைபேசியில் என் குரலைக் கேட்டால் அண்ணை வைத்துவிடுவார். கதவைத் திறந்து என் முகத்தைக் கண்டால் சாத்த மனம் வராது. ஆகவே முன்கூட்டிச் சொல்லாமலே புறப்பட்டேன். விமானத்தில் இருந்துகொண்டு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

லண்டனில் ஒரு பகல்தான் நின்றேன். ஈஸ்ட்ஹாமில் வெற்றிலை வாங்கினேன். மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்ஷன் கடைகளில் கிடைக்கும் வெற்றிலை குளிரில் வாடி வதங்கி, பெயருக்குத்தான் வெற்றிலை. இங்கே வெட்டிய அன்று போலப் பச்சைப்பசேலென்று இருந்தது. ஈரத்துணியில் சுற்றி, அழைப்பிதழ், வேட்டி சால்வை, அண்ணைக்குப் பிடித்த பருத்தித்துறை வடை எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொண்டேன். கடைக்காரர் தாம்பாளத் தட்டும் வேண்டுமா என்று கேட்டார். அதையும் வாங்கினேன்.

சனிக்கிழமை ரயிலால் இறங்கிய சிறிய பட்டணத்திலிருந்து கிராமத்துக்கு எட்டு மைல். பதினொன்று பத்துக்கு ஒரு பஸ் என்று இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. பத்தரைக்கே தரிப்பிடத்தில் போய் நின்றேன். மழை. மொன்றியல் மழை பெய்தால் பெய்யும், விட்டால் விடும். இது பெய்வதுமில்லை, விடுவதுமில்லை, உடுப்புக்குள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு, சில்லு வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்த ஒரு கிழவி என்னருகில் நின்றாள்.

"எதற்காகக் காத்திருக்கிறாய் கண்ணே?" என்று கேட்டாள். பஸ்ஸின் இலக்கத்தைச் சொன்னேன்.

"அது நின்று இரண்டு வருடமாகிறது."

"ஊரின் இணையப் பக்கத்தில் நேரம் போட்டிருக்கிறதே."

"அந்தப் பக்கத்தையா நம்பினாய்?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. எங்கள் வீட்டு ஆளைப் பற்றிக் குறை சொன்னதுபோல இருந்தது. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பஸ் இரண்டு வருடமாக இல்லையென்றால் அந்தப் பக்கத்தில் வேறு எதெல்லாம் இரண்டு வருடமாக இல்லையோ என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஊறிப்போன சப்பாத்தைப் பற்றித்தான் யோசித்தேன்.

அன்று வேறு வாகனம் கிடைக்கவில்லை. பட்டணத்திலேயே ஒரு விடுதியில் அறை எடுத்தேன். சாப்பாட்டுக்கு, தோலோடு சுட்ட உருளைக்கிழங்கை நடுவே பிளந்து, அதற்குமேல் இனிப்பான குழம்பில் கிடக்கும் அவரை விதையைக் கொட்டித் தந்தார்கள். கைப்பையிலிருந்த மிளகாய்த்தூளை எடுத்துத் தூவினேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "மருந்தா?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். "சீக்கிரம் குணமாகட்டும்" என்றார்.

ஆரணி தொலைபேசி எடுத்தாள். "மாமாவைக் கண்டீங்களோ?"

"பஸ் இல்லையாம். நாளைக்குத்தான்."

"என்ரை படம் காட்டுங்கோ. மாப்பிள்ளையின்ரை பேந்து காட்டலாம், முதல்லை என்ரை."

ஞாயிறு காலை வாடகைக் காரில் போய் இறங்கினேன். காலடி வைக்காத ஊர், ஆனால் எனக்குத் தெரியாத இடம் ஒன்றுகூட இல்லை. இதுதான் தேவாலயம், நூலக வண்டி நிற்பது இந்த மதிலடியில். இதுதான் சிவப்புத் தொலைபேசிப் பெட்டி, உள்ளே இருதயம் நின்றால் அதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். மதுச்சாலைச் சுவரில் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு கோடு, மேலே மேலே ஏறிப் போகிறது. தாரா ஓட்டப்போட்டி நடக்கும் படித்துறை அதோ. எனக்குச் சந்தோசமாக இருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், கலியாணப் பொம்பிளைபோல நெஞ்சு படபடத்தது.

கடை ஞாயிறு எட்டிலிருந்து பன்னிரண்டுவரை திறந்திருக்கும் என்பது இணையப் பக்கத்தில் உள்ள செய்தி. கடையின் கண்ணாடிகளுக்கு உள்ளே பழைய பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. மேல்மாடி மணியை அடித்தேன். அடித்தேன். தட்டைக் கையில் எடுத்து, அதில் வெற்றிலை பாக்கு அழைப்பிதழ் எல்லாம் பரப்பி ஆயத்தமாக வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணைக்கு வயதாகிவிட்டது, கடையைக் கைவிட்டு வேறு வீட்டுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்திலேயே ஊர் அறிவித்தல் பலகை. கண்ணாடிக்குப் பின்னால் அதே பட்டியல், வெயிலில் மை வெளிறி. வாகன உதவி, சிவநாதன். பிறகென்ன, பெயர் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

தேவாலயம் கலைந்து ஆட்கள் வந்தார்கள். தட்டோடு நிற்கும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒரு பெண்ணிடம் அண்ணையின் பெயரைச் சொல்லி, எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவள் பின்னால் திரும்பி, "பீற்றர்" என்று கூப்பிட்டாள். மற்றவர்கள் கதையை நிறுத்திவிட்டார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் முன்னே வந்தார். ஊரின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் தான்தான் என்றார். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். தங்கை என்றேன்.

"அவருக்கு ஒரு தங்கை இருப்பதாக எங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு, "வீட்டுக்கு வாருங்கள், தேநீர் குடிக்கலாம்" என்றார். கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் தேநீர் வந்தால் அது எந்த ஊரிலும் ஒரே செய்திதான்.

அண்ணை, போன குளிர்காலத்துக்கு முந்திய மாரியில், நித்திரையிலேயே போய்விட்டார். ஒரு வியாழக்கிழமை யாரோ ஒரு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்திருக்கிறது. ஒருநாளும் பிந்தாத மனிதர் அன்று வரவில்லை என்றதும் கதவை உடைத்திருக்கிறார்கள். சொந்தக்காரரைத் தேடினார்களாம். அம்மா இறந்துவிட்டார், வேறு ஒருவரும் இல்லை என்றுதான் அவர் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

"பேர் கிடக்கே" என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் கேட்டேன்.

பீற்றர் தலை குனிந்தபடி சொன்னார்: "எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவருக்குப் பதிலாக வேறு யாரும் முன்வரவில்லை. எடுத்தால் அந்த வரி வெறுமையாகக் கிடக்கும். அதைப் பார்க்க மனமில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் இங்கே என் வீட்டுக்கு மாற்றிவிட்டோம். யாராவது அழைத்திருந்தால் சொல்லியிருப்பேன்."

தொலைபேசி யன்னலோரம் இருந்தது. ஆரணி எடுக்கிறேன் என்று சொன்ன எண் அதுதான்.

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். இந்துக்களின் முறை என்னவென்று தேடிப் பார்த்தார்களாம். மகன் செய்ய வேண்டும் என்று இருந்ததாம். "அவருக்கு மகன் இல்லை. நான் செய்தேன். தோளில் தண்ணீர்க் குடம் வைத்து மூன்று முறை சுற்றச் சொல்லியிருந்தது. எங்களிடம் குடம் இல்லை. பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வாளியோடு சுற்றினேன். சாம்பலை ஆற்றில் விட்டோம். பிழையாகச் செய்திருந்தால் மன்னிக்க வேண்டும்."

சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முன்பின் தெரியாத வெள்ளைக்காரரின் குசினியில், வாயைப் பொத்தாமல் அழுதேன். அண்ணை போய் அறுபது எழுபது ஞாயிறுகள் வந்துபோயிருக்கின்றன. அத்தனை ஞாயிறும் அந்தப் பெயரைப் பார்த்து மனம் ஆறி, எழும்பி மா குழைத்திருக்கிறேன். நான்கு மாதம் அவருக்கு நான் செய்ததை, ஒரு வருடத்துக்கு மேலாக எனக்கு நானே செய்திருக்கிறேன்.

அங்கிருந்தே கணவருக்கு எடுத்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆரணிக்கு மட்டும் சொல்லிப்போடாதை. மூண்டு கிழமைதான் இருக்கு. சம்பந்தி வீடு செத்தவீட்டுத் துடக்கெண்டு கலியாண நாளை மாத்தச் சொல்லும். பெட்டையும் உடைஞ்சுபோவாள். கலியாணம் முடியட்டும்."

சொல் மாறாமல் இதே வசனத்தை நான் முன்பு கேட்டிருக்கிறேன். அண்ணை பலமுறை தேநீர் குடித்திருக்கக்கூடிய அதே மேசையில் இருந்துகொண்டு, "சரி" என்றேன்.

பீற்றர் இதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றார். நான் அவர் கையைப் பிடித்தேன். "வேண்டாம். மூன்று கிழமை விடுங்கள். என் மகளும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள்."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். விளங்கிய பிறகு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுந்துபோய், குளிர்ப்பெட்டியில் தொங்கிய நாட்காட்டியில் கலியாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமையில் ஒரு வட்டம் போட்டார்.

அடுத்த நாள் காலை அவர் என்னை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனார். சாவுச் செய்தி கேட்டால் தலைக்கு வார்க்க வேண்டும். படித்துறையில் குனிந்து கையால் அள்ளித் தலையில் ஊற்றினேன். தண்ணீர் பனிக்கட்டிபோல. பீற்றர் என்ன பயந்தாரோ, என் கோட்டின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாயோடு போனவர்கள் எங்களுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். மொன்றியலில் எங்களுக்கு ஆறு என்பது பாலத்தில் கார் நெரிசலில் நிற்கும்போது கீழே தெரிவது. இவ்வளவு கிட்ட, மண்ணிறமாக, அவசரமாக ஓடுவதை நான் பார்த்து எத்தனையோ காலம். அம்மா போன அன்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும் அண்ணை என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. வெற்றிலை கறுத்துப்போயிருந்தது. அதை மட்டும் விட்டேன். வேட்டி சால்வையைப் பீற்றரிடம் கொடுத்தேன். கொள்ளி வைத்தவருக்குச் சேர வேண்டியது என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததுமே ஆரணி கேட்டாள். "மாமா வாறாரோ?"

"ஏலாதாம் பிள்ளை. தூரப் பயணம் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உன்ரை படத்தைப் பாத்தவர். நல்லா இருக்கச் சொன்னவர்."

"வீடியோவிலை ஒருக்காக் கதைக்கலாமோ?"

"தொண்டை கட்டியிருக்கு. குரல் எழும்பாது."

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகப் போய் அந்த இடத்தில் நின்றது.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் கூறைச் சேலையோடு ஆரணி ஒரு மூலைக்குப் போய், தன் கைபேசியில் தன்னைத்தானே படம் பிடித்தாள். "மாமா, நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை, நான் உங்களைப் பாக்க வருவன். மெர்சி மாமா" என்று பிரெஞ்சில் நன்றியும் சொல்லிச் சிரித்தாள். அதை எனக்கு அனுப்பி, மாமாவுக்கு அனுப்பிவிடுங்கோ என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அனுப்பீட்டீங்களோ?" என்றாள். "ஓம்" என்றேன்.

மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். நாலாஞ்சடங்கு முடியட்டும் என்றார் கணவர். அது முடிந்தது. மெக்சிக்கோவுக்குப் போகினம், போட்டு வரட்டும் என்றேன் நான். பீற்றரின் நாட்காட்டியில் இருந்த வட்டம் எனக்கு மறந்தேபோனது. இரண்டு வருடமாக ஒரு பஸ்ஸின் நேரத்தைக்கூட மாற்றாத அந்தப் பக்கம், சொன்ன திங்கட்கிழமை சொன்னபடி மாறியிருந்தது. பெயரை எடுத்ததோடு பீற்றர் நிற்கவில்லை. அண்ணை கடை வாசலில் நிற்கும் படம் ஒன்றைப் போட்டு, அவர் எந்த மாரியில் இறந்தார், எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் என்று நாலு வரி நன்றியும் எழுதியிருந்தார். மூன்று கிழமைக்கு முன் அவருடைய தங்கை கனடாவிலிருந்து வந்து போனதையும் எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரணி கடற்கரையிலிருந்து எடுத்தாள்.

"மாமாவின்ரை படம் போட்டிருக்கினம் அம்மா."

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

"நான் சிரிச்சுச் சிரிச்சு வீடியோ எடுத்துத் தந்தனே, அண்டைக்கு உங்களுக்குத் தெரியும் என்ன?"

"ஓம்" என்றேன்.

வைத்துவிட்டாள். அவர்கள் மெக்சிக்கோவிலிருந்து திரும்பி வந்து மூன்று கிழமையாகிறது. எங்கள் பக்கம் வரவில்லை. பொறு, நல்ல நாள் பார்த்து ஏதாவது பலகாரம் செய்துகொண்டு நேரில் போய்க் கூப்பிடலாம், போனில் கூப்பிட்டால் மரியாதையில்லை என்கிறார் கணவர். இன்று ஞாயிறு. தேநீர் ஆறிக் கிடக்கிறது. நான் தொலைபேசியை எடுத்து அவளுடைய எண்ணை அழுத்தினேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் அழுத்தினேன்.